யாருமில்லை என்று எழுத வேண்டிய கட்டம்

“வருத்தமான விஷயந்தான் அக்கா. ஆனா இனிமே உங்களுக்குத் தடையே இல்ல,” என்று சொல்லிவிட்டு டியோபிலோ படிவத்தை மேசைமேல் நகர்த்தினான். அண்ணன் கிரிஸ்பினைப் புதைத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கனடாவில், இந்த வின்னிபெக்கில் பாதி பிலிப்பைன்ஸ்காரர்களுக்குக் குடியேற்றக் காகிதம் எழுதிக் கொடுத்தவன் டியோபிலோ. வேலையில் கெட்டி, நாக்குத்தான் நரம்பில்லாத நாக்கு. மெல்சோராவுக்கு அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது. படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஊரில் இருக்கும் சித்தி மகள் நெலியாவை எப்படியாவது தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டுமென்று ஐந்து வருடமாகத் தவித்தவள் அவள். சித்தி மகளையெல்லாம் நினைத்தவுடன் அழைத்துவிட முடியுமா? கணவன், பிள்ளை, பெற்றோர் யாருமில்லாமல், இந்த நாட்டில் கூடப்பிறந்தவர்கூட இல்லாமல் ஒண்டிக்கட்டையாக நின்றால்தான், சொந்தத்தில் யாராவது ஒருவரை அழைத்துக்கொள்ளச் சட்டம் விடும். மெல்சோராவுக்கு எல்லாம் பொருந்தியது, நான்கு தெரு தள்ளியிருந்த அண்ணன் ஒருவனைத் தவிர. ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. அம்மா செத்தபோது இவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அவன் மட்டும் போய்வந்து, தேவாலய வாசலில் நாலு பேர் நடுவில் கேட்டான்: “ஊர்க் கிழவிகளையெல்லாம் குளிப்பாட்டுறவளுக்குப் பெத்தவளைக் குளிப்பாட்ட நேரமில்லையாக்கும்?” முதியோர் இல்லத்தில் அதுதானே அவள் பிழைப்பு. அன்றோடு சரி. “எனக்கு ஒண்ணுத்துக்கும் ஆகாதவன், என் வழியை மறிக்க மட்டும் இருக்கான்,” என்று நெலியாவிடம் போனில் எத்தனை தடவை பொருமியிருப்பாள். இப்போது நினைத்தால் வாய் கசந்தது.

சாயங்காலம் அவன் அறையைக் காலி செய்யப் போனாள். கட்டட மேனேஜர் முன்னால் நடந்து கதவைத் திறந்துவிட்டுப் போனார். ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஜன்னலோரம் பாதி பொட்டலம் கருவாடு. மெத்தைக்கடியில் ஓர் உறை. பிரித்தால், அதே படிவம். அழைக்கப்படுபவர்: நெலியா.

மெல்சோரா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மனைவி: இல்லை. பிள்ளைகள்: இல்லை. தாய், தந்தை: இல்லை. உடன்பிறந்தோர் என்ற இடத்தில் மட்டும் அவள் பெயர், போன வருடம் அவள் மாறிய வீட்டின் முகவரி, கதவு எண்வரை. அதை எழுதினால் படிவம் செல்லாது என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? கீழே கையெழுத்துப் போடவில்லை.

நெலியாவைக் கூப்பிட்டாள். அங்கே விடிந்திருந்தது.

“அண்ணன் உன்னை அழைச்சுக்கப் பார்த்தானா?”

“பார்த்தாரு. தங்கச்சி இல்லைன்னு எழுதிடுங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க. ‘எப்படி எழுதுறது, அவ இருக்காளே’ன்னாரு. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருக்கா.” பிறகு தயங்கிக் கேட்டாள்: “இப்ப நீ எழுதிடுவேல்ல?”

“எழுதுறேன், இரு.”

போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டுத் தன் படிவத்தை விரித்தாள். கணவன், பிள்ளைகள், தாய், தந்தை என்று ‘இல்லை’, ‘இல்லை’யாகக் கை மளமளவென்று ஓடியது. அடுத்த கட்டத்தில் நின்றது. வெகுநேரம் கழித்து, ‘கிரிஸ்பின்’ என்று எழுதினாள். முகவரி கேட்டிருந்தது. தெருப் பெயரை எழுதினாள். கதவு எண் தெரியவில்லை.

எழுந்து கதவைத் திறந்து நடையில் போய் நின்று, எண்ணைப் பார்த்தாள். உள்ளே கட்டில்மேல் போன் கேட்டுக்கொண்டிருந்தது: “அக்கா? இருக்கியா?”