ஒன்றாம் கயிறு

பிட்கேர்ன் எட்டு அட்டைகளையும் சாப்பாட்டு மேசையில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பிவிட்டு, ஒன்று என்று எண் போட்டிருந்ததை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சவப்பெட்டியைக் குழியில் இறக்கும் எட்டுக் கயிறுகளில் சொந்தக்காரர் யார் எதைப் பிடிப்பது என்பதற்கான அட்டைகள். அந்த ஊரில் யார் செத்தாலும் பெட்டி செய்வதும் அடக்கத்தை முன்நின்று நடத்துவதும் அவர்தான். சங்கடம் என்றால் தொண்டையைச் செருமுவார். வந்ததிலிருந்து செருமிக்கொண்டேதான் இருந்தார்.

"கென்னி கையில விலங்கு இருக்கும். ஒத்தைக் கையால கயிறு விட முடியாதும்மா. வாட்டி என்ன லேசான ஆளா?"

"கென்னிதான் மூத்த பிள்ளை. தலைமாட்டுக் கயிறு அவனுக்குத்தான்," என்றாள் நெட்டா அத்தை, இறந்துபோன வாட்டியின் அக்கா. "எங்கப்பாவுக்கு வாட்டி பிடிச்சான். வாட்டிக்கு அவன் மகன் பிடிக்கட்டும்."

"அவன் தங்கச்சி ரோனா பிடிச்சா என்ன? இப்பல்லாம் பொண்ணுங்களும்..."

"அவ கால்மாட்டுல நிப்பா. ரெண்டாம் சீட்டை அவகிட்ட குடுங்க."

ரோனா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினாள். சின்னப் பெட்டி ஒன்று வரைந்து, சுற்றிலும் எட்டுப் புள்ளிகள் வைத்து, யார் எங்கே நிற்க வேண்டும் என்று அதில் காட்டியிருந்தது. இரண்டாம் எண் காலடியில். தலைமாட்டில் நிற்பவனின் முகத்துக்கு நேர் எதிரே.

பிட்கேர்ன் போனதும் அத்தை ஆரம்பித்தாள்.

"ஒரு போன் போட்டா ஆகாதா உனக்கு? ஜெயில்காரங்க எல்லாம் உன் ஆளுங்கதானே?"

"என் ஆளுங்க இல்ல அத்தை."

"கவர்மெண்டுல பெரிய உத்தியோகம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான் உங்கப்பன். பெத்தவனுக்காக ஒரு போன் போட முடியாதா?"

"முடியாது அத்தை."

"முடியாதா, மாட்டியா?"

ரோனா கழுவிய கோப்பையையே மறுபடி எடுத்துக் கழுவினாள்.

எடின்பரோவில் அவள் அரசுக்குக் குற்றவியல் கொள்கையில் மூத்த ஆலோசகர். சிறை, ஜாமீன், தண்டனை என்று எதைப் பற்றி அமைச்சர் வாயைத் திறந்தாலும், வரவேண்டிய சொல்லை முன்னாலேயே எழுதி வைத்திருப்பாள். சில வருடங்களுக்கு முன் ஒரு கைதி, தாயின் அடக்கத்துக்கு வந்தவன், விலங்கைக் கழற்றிவிட்ட நேரம் பார்த்துச் சுவரேறிக் குதித்து ஓடினான். ஓடியவன் போய் நின்றது, முன்பு அவன் அடித்து நொறுக்கிய மனைவியின் வாசலில். பத்திரிகைகள் பிய்த்து எடுத்துவிட்டன. அதுவரை விலங்கு விஷயம், கைதியோடு வரும் அதிகாரியின் முடிவுக்கே விடப்பட்டிருந்தது. ரோனா அந்த வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்: குழியோரத்திலும் கழற்றக்கூடாது, கழற்றும் அதிகாரி அன்றே பணி நீக்கம் செய்யப்படுவார். நல்ல வேலை என்றார் அமைச்சர். நல்ல வேலைதான், அதில் அவளுக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

அப்போது கென்னி வெளியில்தான் இருந்தான். அவள் வீட்டுக் கூரை ஒழுகியதைக்கூட அவன்தான் வந்து சரிசெய்து கொடுத்தான். அதற்கடுத்த குளிர்காலத்தில் குடித்துவிட்டு வேனை ஓட்டி, சாலையைக் கடந்த ஒரு பெண்மணியைக் கொன்றான். அப்பா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மாதம் தவறாமல் இரண்டு பேருந்து மாறிப் போய் மகனைப் பார்த்துவிட்டு வந்தார். போன திங்கட்கிழமை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார், பக்கத்தில் தேநீர் ஆறிக் கிடந்தது.

அந்த விதியை எழுதியது யார் என்பது நெட்டா அத்தைக்குத் தெரியாது.

கல்லறை மேட்டில் கடற்காற்று ஆளைத் தள்ளியது. வெள்ளை வேன் வாசலோரம் நின்றிருந்தது. கென்னி அப்பாவின் கறுப்புக் கோட்டில் வந்தான். தோள் தொளதொளத்தது. அவன் இடது மணிக்கட்டும் மெல்ட்ரம் என்ற அதிகாரியின் வலது மணிக்கட்டும் ஒரே விலங்கில் இருந்தன. மெல்ட்ரம் பெரிய உருவம். இடம் பொருள் தெரிந்தவராகத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். இன்னொரு அதிகாரி, ஒரு பெண், சற்றுத் தள்ளி நின்றுகொண்டாள்.

பாதிரியார் படித்து முடித்தார். பிட்கேர்ன் கூப்பிட்டார்.

"ஒன்று."

கென்னி குழி விளிம்புக்கு வந்து வலது கையால் கயிற்றை வாங்கினான். இடது கையைத் தூக்கப் பார்த்தான், விலங்கு இழுத்தது. கையைத் தொங்கவிட்டான்.

ரோனா தன் இடத்தை விட்டுக் குழியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அடக்கத்தில் அப்படி யாரும் செய்வதில்லை. பிட்கேர்ன் செருமினார்.

"ரெண்டு நிமிஷம் கழட்டிடுங்களேன்," என்றாள் மெல்ட்ரத்திடம்.

"என்னைத் திட்டாதீங்க மேடம். நான் எழுதின விதி இல்ல அது."

"தெரியும். நான் எழுதினது."

அத்தை சட்டென்று திரும்பினாள். கென்னியும் பார்த்தான். மெல்ட்ரம் அவளை மேலும் கீழும் அளந்தார். கேலி இல்லை, கோபமும் இல்லை. மறு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுச் சாவியை எடுத்தார்.

"அப்படின்னா நீங்களே சொல்லிடுங்க. கழட்டுறேன்."

கழற்றுங்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. அவள் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு ஆசையாகச் சொல்ல விரும்பியதில்லை. கென்னி எங்கும் ஓடப்போவதில்லை. அவனுக்கு ஓட இடமும் இல்லை. ஆனால் இந்த மனிதர் இன்று மாலையே வேலை இழந்து வீட்டுக்குப் போவார். தள்ளி நிற்கும் அந்தப் பெண்தான் அதை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். எழுதாவிட்டால் அவள் வேலையும் போகும். எல்லாவற்றையும் யோசித்துத்தான் ரோனா எழுதியிருந்தாள்.

"வேண்டாம்," என்றாள். "உங்க வேலை போயிடும்."

கென்னி சிரித்துவிட்டான். குழியருகே சிரிப்பது யாருக்கும் பிடிக்காது, அவனால் முடியவில்லை.

"ஒரு ஓட்டைகூட விடலை பாருங்க. சின்ன வயசுலயும் இப்படித்தான் சார். விளையாட்டுக்கு விதி போடுறதும் இவதான், கடைசியில உக்காந்து அழுறதும் இவதான்." பிறகு அவளைப் பார்த்துச் சொன்னான்: "அழாத. போய்க் கால்மாட்டுல நில்லு. அப்பாவைக் காக்க வெக்காத."

அவள் போய் நின்றாள்.

மெல்ட்ரம் சாவியைப் பைக்குள் போட்டார். விலங்கிட்ட கையிலிருந்த கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிவிட்டு, கென்னியை ஒட்டி, தோளோடு தோள் இடிக்க, குழியின் விளிம்புக்கு வந்தார். கயிற்றின் மேல் கென்னியின் இரண்டு கைகளும் வந்தன. நடுவில் அவர் கையும்.

"எப்படிங்க விடணும்?" என்று பிட்கேர்னைக் கேட்டார்.

"இறுக்கிப் பிடிக்காதீங்க. கைக்குள்ளேயே வழுக்க விடுங்க."

பெட்டி இறங்கியது. எட்டுக் கயிறும் ஒன்றுபோல் இறங்கின. ரோனா பெட்டியைப் பார்க்கவில்லை. எதிரே ஒரே கயிற்றில் இருந்த அந்த மூன்று கைகளையே பார்த்துக்கொண்டு தன் கயிற்றை விட்டாள். அடிமண் தட்டியதும் எல்லோரும் கயிற்றைக் குழிக்குள் போட்டார்கள். கென்னி போடவில்லை. அவன் போடும்வரை மெல்ட்ரமும் போடவில்லை.

வேனில் ஏறுமுன் கென்னி திரும்பி, "எனக்கும் சேத்து ஸ்டேக் பை சாப்பிட்டுரு," என்றான். கதவு சாத்தப்பட்டது.

ஓட்டலில், அடக்கம் முடிந்தால் வழக்கமாகப் போடும் இறைச்சி அடைத்த ஸ்டேக் பை சூடாகத் தயாராக இருந்தது. ஊர்க்காரர்கள் வாட்டி ஓட்டிய பேருந்துக் கதைகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நெட்டா அத்தை ரோனாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்கப்பனுக்குத் தெரியுமா? நீதான் எழுதினேன்னு?"

"தெரியும்."

"என்ன சொன்னான்?"

"நல்லா யோசிச்சுத்தானே எழுதினேன்னு கேட்டாரு. ஆமான்னேன். அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல."

அத்தை கொஞ்ச நேரம் மேசை விரிப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தட்டை அவள் பக்கம் தள்ளினாள்.

"ஆறுது பாரு. சாப்பிடு."

ரோனா முள்கரண்டியை எடுக்கப் போனாள். கை வரவில்லை. குனிந்து பார்த்தாள். மடியில், அவளுடைய வலது கை இடது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.