கதிரவேலு சொன்ன காத்து

கடலிலேயே பிறந்து வளர்ந்தவனைப் பார்த்து, காத்துப் பார்க்கத் தெரியாதவன் என்று ஒருத்தன் எழுதிக் கொடுத்தால் வயிறு எரியுமோ எரியாதோ? கதிரவேலுவுக்கு ஒரு வருசமாய் எரிந்தது.

எழுதினவன் செபநாயகம், ஹெலிகொப்டர் ஓட்டப் பழக்குகிற அதிகாரி. போன வருசம் பருத்தித்துறைக் கடலில் தாழப் பறந்து வள்ளத்தைக் கவிழ்த்ததும் அவன்தான். விசாரணையில் பழியைத் தூக்கி, வள்ளம் ஓட்டிய கதிரவேலுவின் தலையில் எழுதிப் போட்டுவிட்டான். வள்ளத்துக்குச் சொந்தக்காரரான கந்தப்புச் சம்மாட்டியும் அந்தக் கடதாசியை நம்பினார். அன்றோடு கதிரவேலுவுக்குக் கடல் போனது. கரையில் கிழிந்த வலை பொத்துகிற வேலைதான் மிச்சம்.

புரட்டாதிக் கடைசியில் ஒரு நாள் அதே செபநாயகம், பழக வந்த ஒருத்தனோடு கரை வெளியில் இறங்கினான். திரும்பக் கிளம்பும்போது கதிரவேலுவிடம் வந்தான். ஆளை மட்டுக்கட்டவில்லை. கவிழ்த்தவன் எங்கே முகம் பார்த்தான்!

"என்ன அண்ணை, காத்து உப்பிடியே நிக்குமோ?"

கதிரவேலு கடலைப் பார்த்தான். தென்மேற்கிலிருந்து வீசுகிற சோழகம் ஓய்ந்துகொண்டிருந்தது. வடகிழக்கே தண்ணீரில் கறுப்பாய் ஒரு கோடு கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வாடை திரும்பி அறையும். காத்துக் கேட்டு வந்தவன் கொலைப்பகையாளி என்றாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், அதுதான் அந்தக் கரையின் கட்டு. கதிரவேலுவின் அப்பனும் பாட்டனும் அதை மீறினதில்லை. ஆனால் இப்படி ஒரு நாள் இனி வாய்க்குமோ? வாடா மகனே, வா!

"சோழகந்தான் தம்பி. பொழுதுபடுமட்டும் மாறாது. காத்துக்கு முகம் குடுத்துத் தெற்கை பாத்து எழும்புங்கோ."

எழும்பினார்கள். பனையளவு உயரம் போயிருக்காது, வாடை பின்னாலிருந்து அடித்தது. வால் சுழன்றது. ஹெலிகொப்டர் சரிந்து வந்து மணலில் விழுந்து நொறுங்கியது. கதிரவேலுவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே குளிர்ந்தது.

சனம் ஓடிப்போய் இருவரையும் இழுத்தெடுத்தது. பழக வந்தவனுக்குச் சிராய்ப்பு மட்டும். செபநாயகத்துக்கு இரண்டு காலும் முறிந்துவிட்டது. அந்த நோவுக்குள்ளும் அவன், ஓடி வந்து நின்ற கந்தப்புவைப் பார்த்துச் சொன்னான்:

"காத்துச் சொன்ன அந்த அண்ணையிலை பிழையில்லை. காத்துத் திடீரெண்டு மாறினது. உது ஆருக்குத் தெரியும்?"

"ஓம், உவனுக்கு எங்கை தெரியப்போகுது," என்றார் கந்தப்பு.

கதிரவேலுவுக்கு உச்சியில் ஏறியது. "எனக்குத் தெரியும்!" என்று கத்தினான். "வாடை வாறதைக் கண்டுதான் சோழகமெண்டு சொன்னனான். காத்துத் தெரியாதவனோ நான்? கேளுங்கோ எல்லாரும்!"

கந்தப்பு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"தெரியாதவனெண்டால் பக்கத்திலை இருத்திப் பழக்கலாமடா. காத்தைப் பொய் சொன்னவனோடை ஆர் கடலுக்கு வருவான்?"

செபநாயகத்தைத் தூக்க எல்லோரும் குனிந்தார்கள். கதிரவேலுவும் ஒரு கை கொடுக்கப் போனான். யாரோ அந்தக் கையைத் தட்டிவிட்டார்கள்.