அலமாரிக்குள் ஒரு கொலை

"கிட்ட வராதே! கத்தியைக் கீழ போடு!"

ஷாஹினாஸ் கிசுகிசுப்பாகத்தான் ஆரம்பித்தாள். சாகப்போகிறவள் கிசுகிசுத்தால் யார் நம்புவார்கள்? குரலை உயர்த்தினாள்.

அவள் இருந்தது துணி அலமாரிக்குள். எகிப்தின் கடற்கரை ஊரான ராஸ் எல்-பரில் கடலைப் பார்த்த வாடகை வீடு. வெளிச்சத்தம் நுழையாமல் இருக்கச் சுற்றிலும் இரண்டு கம்பளி, நான்கு தலையணை. மடியில் மைக். ஆகஸ்ட் வெக்கையில் முதுகு தொப்பலாக நனைந்திருந்தது.

தன்தா நகரில் இன்ஷூரன்ஸ் அலுவலக வேலை. மிச்ச நேரத்தில் ஒரு மர்மத் தொடரை எழுதி, எல்லாக் குரலையும் தானே பேசி, இணைய வானொலிக்கு அனுப்புவாள். போதாததற்குக் குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் வேறு. பாதி வண்ணம் பூசிய முயல் ஒன்று பெட்டியில் நீச்சலுடைக்கு அடியில் பதுங்கியிருந்தது.

"போன வருஷ லீவையும் நீ தின்னுட்டே. இந்த நாலு நாள்ல மைக், பிரஷ் எதையாவது கையில பார்த்தேன், கமீலாவைக் கூட்டிக்கிட்டு ஊருக்குத் திரும்பிடுவேன்" என்று கணவன் வக்தி கிளம்பும்போதே சொல்லியிருந்தான். அவளும் தலையாட்டியிருந்தாள்.

மூன்று நாள் குடை நிழலில் நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்ததுதான் மிச்சம். கடைசி அத்தியாயம் இன்று மாலை ஆறு மணிக்குப் போயாக வேண்டும். இல்லையென்றால் தொடர் வேறொருத்திக்கு. தலைவலி என்று பொய் சொல்லி, கணவனையும் மகள் கமீலாவையும் கடலுக்கு அனுப்பிவிட்டு அலமாரிக்குள் புகுந்தாள்.

முதல் முறை கடற்கரையில் ஃப்ரெஸ்கா மிட்டாய் விற்பவனின் கூவல் குறுக்கே வந்தது. இரண்டாம் முறை மாடியில் யாரோ கறி கொத்தினார்கள். இது மூன்றாவது.

"ஐயோ... காப்பாத்துங்க!"

தடதடவென்று வாசல் கதவு அதிர்ந்தது.

"மேடம்! பயப்படாதீங்க, நாங்க வந்துட்டோம்!"

காவலாளி பய்யூமியின் குரல். பின்னாலேயே ஏழெட்டுக் குரல்கள். இந்த ஊரில் ஒருத்தி அலறினால், கட்டடத்தில் எல்லாருமே அவளுக்குச் சொந்தக்காரர்களாகிவிடுவார்கள். பூட்டு தெறித்தது. வாணலி பிடித்த கையோடு பக்கத்து வீட்டு இன்ஷிரா, தடியோடு பய்யூமி, கடலிலிருந்து ஓடிவந்த ஈரத் துண்டோடு வக்தி, அவன் இடுப்பில் கமீலா.

அலமாரி திறந்தது. கம்பளிக்குள் ஷாஹினாஸ். மடியில் மைக்.

"கொலைகாரன் எங்கடி?" என்றாள் இன்ஷிரா.

"இன்னும் எழுதலை அக்கா."

யாரோ சிரித்தார்கள். வக்தி சிரிக்கவில்லை.

"தலைவலி போயிடுச்சா?"

"ஒரே ஒரு பக்கம்தான் பாக்கி, வக்தி. ஆறு மணிக்குள்ள..."

"ஊருக்குப் போலாமா பாப்பா?" என்று அவன் மகளைக் கேட்டான்.

"அம்மா இன்னும் என்கூடத் தண்ணியில இறங்கவே இல்லையே."

வக்தி பெருமூச்சு விட்டான். மைக்கைத் துண்டில் சுருட்டிப் பய்யூமியிடம் நீட்டினான். "அஞ்சு மணிக்குக் குடுங்க. அதுக்கு முன்னால அழுதாலும் குடுக்காதீங்க."

"என் கண்ணு மாதிரி பாத்துக்கிறேன். கதையில வர்ற அந்தப் பொண்ணு பொழச்சுக்குவாளா மேடம்?"

ஷாஹினாஸுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அதைவிட மோசம், கதவு அதிர்ந்த அந்தச் சத்தம். எவ்வளவு அசலாக இருந்தது! பதிவாகியிருக்குமா?

சற்று நேரத்தில் கடலில் கழுத்தளவு தண்ணீரில் நின்றாள். அலை வந்தது, போனது. கமீலா அவள் தோளைத் தொற்றிக்கொண்டு முகத்தையே பார்த்தாள்.

"அம்மா, யார்கூடப் பேசறே? உதடு அசையுது."


கரையில் வக்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மணி மூன்றுதான் ஆகியிருந்தது.