தோல்வார்

ஆம்ப்ரோஸ் மாதிரி தங்கமான மனிதன் கிடையாது என்று எங்கள் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வட்டாரம் என்றால் பெங்களூர் ஆடுகோடியில் ஒரே முற்றத்தைச் சுற்றி நெருக்கிக் கட்டிய வாடகை வீடுகள், எல்லாருக்கும் ஒரே குழாய். அங்கே குடிக்காத, கை நீட்டாத, பெண்டாட்டியை வாடி போடி என்று கூப்பிடாத ஒரே ஆம்பளை அவன்தான். எனக்கு மட்டும் அவனைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

அவன் மனைவி அல்போன்சா. கல்யாணத்துக்கு அவள் அப்பா சீராகக் கொடுத்த கால் மெஷினில் எங்களுக்கெல்லாம் ரவிக்கை தைப்பாள். கழுத்து இறங்காமல், அக்குள் பிடிக்காமல், அப்படி ஒரு கை. 1956-ல் ஒரு நாள், தைத்த காசில் தனியாக பஸ் ஏறி, சந்தாபுராவில் படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். புருஷனைக் கேட்காமல்தான் போனாள். அதற்கு முன் கேட்டபோதெல்லாம் "பார்க்கலாம்" என்றுதானே சொன்னான்?

ஆம்ப்ரோஸ் கத்தவில்லை. மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது, மெஷினின் மேல் சக்கரத்தையும் கீழ்ச் சக்கரத்தையும் சேர்க்கிற தோல்வாரைக் கழற்றி, சுருட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். அதற்கப்புறம் தினமும் அது அவன் பையிலேயே போயிற்று. வார் இல்லாமல் மிதித்தால் மிதிப்பலகை ஆடும், ஊசி அசையாது. மேல் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைத்துப் பார்த்தாள். துணியைப் பிடிக்க ஒரு கைதான் மிஞ்சியது, தையல் கோணிப்போனது.

"சண்ட போட்டா நானும் பதிலுக்குக் கத்துவேன்க்கா," என்று என்னிடம் அழுதாள். "சிரிச்சிக்கினே போறாரு. இன்னான்னு கத்தறது?"

நான் சும்மா இருப்பேனா? செருப்பு தைக்கிறவரிடம் சொல்லி வேறொரு வார் வாங்கிக் கொடுத்தேன். அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து, அவன் வேலைக்குப் போனதும் மாட்டி, வருவதற்குள் கழற்றிவிடுவாள். கொஞ்ச நாள் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், இன்றைக்கு நானே சமைக்கிறேன் என்று அவன் பானைக்குள் கையை விட்டான்.

"ரெண்டும் எங்கிட்டயே பத்திரமா இருக்கட்டும், அல்போன்சா," என்றானாம். அவ்வளவுதான். பெண்டாட்டிக்குச் சமைத்துப் போடுகிறான் பார் என்று குழாயடியில் அன்றும் அவனுக்குத்தான் பாராட்டு.

அவளும் விடவில்லை. மாதாகோவிலை ஒட்டிய கான்வென்ட்டில் அநாதைப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லித்தர ஆள் தேடினார்கள். போய்க் கேட்டாள். ஒரு கவுன் தைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வா என்று சொல்லிவிட்டார் சிஸ்டர்.

"மெஷினுங்க வரிசையா நிக்குதுக்கா," என்று ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாத்துலயும் வாரு இருக்குது. இனிமே எங்கம்மாவ நானே போய்ப் பாத்துக்குவேன்." அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் முகத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை போனவள் மத்தியானமே திரும்பி வந்தாள். ஆம்ப்ரோஸ் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தான். கான்வென்ட் வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இவளுக்கு வலிப்பு நோய் உண்டு, வேலை ஆசையில் மறைத்துவிட்டாள், ஊசியும் கத்தரிக்கோலுமாகப் பிள்ளைகள் நடுவில் விழுந்துவிட்டால் என்ன ஆவது என்று சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறான். அல்போன்சாவுக்குப் பிறந்ததிலிருந்து வலிப்பே வந்ததில்லை. "பொய் சிஸ்டர், பொய்" என்று அவள் கத்தக் கத்த, சிஸ்டருக்கு அவன் சொன்னதுதான் நிஜம் என்று பட்டிருக்கிறது. நெற்றியில் சிலுவை வரைந்து, ஒரு ஜெபமாலையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

நேரே அவன் வாசலில் போய் நின்றேன். "ஏம்ப்பா, ஒனக்கு மனசாட்சி இருக்குதா?"

"உள்ள வாங்க முத்தம்மாக்கா, காப்பி சாப்டுங்க," என்றான். என் வீட்டுக்காரர் வந்து, ஊர் வம்பு உனக்கெதுக்கு என்று என்னை இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

மழைக்காலம் முடியும்போது அவள் அம்மா செத்துப்போனாள். அடக்கத்துக்கு டாக்ஸி வைத்துக் கூட்டிப்போனான். யார் செய்வார்கள் இந்தக் காலத்தில் என்று வட்டாரமே மெச்சியது.

கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு நாள் பக்கத்து வீட்டில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வார் மாட்டியிருந்தது. அல்போன்சா தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டு ஆம்ப்ரோஸ் உட்கார்ந்திருந்தான். அவனுக்குத்தான் புதுச் சட்டை.

"வாங்கக்கா. எங்க அல்போன்சா மாதிரி எந்த டைலர் தைப்பான்?" என்றவன் அவள் பக்கம் குனிந்தான். "பை மட்டும் கொஞ்சம் ஆழமா வைம்மா."

அவள் நிமிரவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நூல் பிசகாமல் பையை வைத்துத் தைத்து முடித்து, நுனியைப் பல்லால் கடித்துச் சட்டையை நீட்டினாள். அவன் போட்டுப் பார்த்தான். பிறகு குனிந்து, மெஷினிலிருந்து வாரைக் கழற்றி, சுருட்டி, புதுப் பைக்குள் விட்டான்.

அளவு கச்சிதமாக இருந்தது.