கார் டயரும் மகள் ஊரும்

பூட்டுக்காரர் தன் பழைய காருக்கு வேன் டயர் மாட்டிய செவ்வாய்க்கிழமை, அவருடைய மகள் வாழ்க்கைப்பட்ட ஊர் பாதித் தூரத்துக்கு வந்து சேர்ந்தது. அன்று வெங்காய விலை ஏறியிருந்ததால் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. பஸ்காரர்கள் மட்டும் டிக்கெட்டைக் குறைக்கச் சொல்வார்களே என்று கவலைப்பட்டார்கள். சொன்னார்கள், குறைக்கவில்லை.

இதற்கெல்லாம் மூலம் பூட்டுக்காரரின் மனைவி. கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்ப்பவர், பிடிவாதக்காரி. காயலான் கடைக்குப் போகவிருந்த அந்தக் காரை வாங்கிவந்து, துருப்பிடித்த தகடுகளை வெட்டி வெல்டிங் வைத்து, இன்ஜினை இறக்கி ஏற்றி, சீட்டுக்கு உறைகூடத் தானே தைத்து நாலு வருஷம் மல்லுக்கட்டினார் பூட்டுக்காரர். மீட்டர் மட்டும் அவர் கைக்கு அடங்கவில்லை. மனைவி அதைச் சாப்பாட்டு மேசையில் பிரித்துப்போட்டு, வீட்டில் எல்லோரையும் தரையில் உட்கார்ந்து சாப்பிட வைத்து, ஒரு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் கை வச்ச மீட்டர் பொய் சொல்லாது. பொய்யா இருந்தா ரோட்டைப் போய்க் கேளுங்க."

சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துத்தான் மீட்டர் தூரம் சொல்கிறது. சக்கரம் சிறிதானால் சுற்று கூடும், தூரத்தைக் கூட்டிக் காட்டும். பெரிதானால் குறைத்துக் காட்டும். மற்ற கார்களில் அதை மீட்டரின் பிழை என்பார்கள். இந்தக் காரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போனதால், சாலை தன்னைத் திருத்திக்கொண்டது.

கடைசியில் பாக்கி நின்றது சக்கரங்கள்தான். பழைய ரிம் நான்கும் சல்லடையாகியிருந்தன. டயர்க் கடைக்காரரை ஊரில் 'ட்யூப்' என்பார்கள். வயிற்றைப் பார்த்து வைத்த பெயர், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. அவர் முதலில், ஓட்டிப் பார்க்க என்று, உடைத்துப்போட்ட ஒரு சின்ன வண்டியின் சக்கரங்களைக் கொடுத்தார். பூட்டுக்காரர் காலையில் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். சாலை போய்க்கொண்டே இருந்தது. இதுவரை இல்லாத மேடுகள் வந்தன, ஒரு பாலம் வந்தது. சாலையோர வயல்காரர்கள் நிலம் நீண்டுவிட்டதைப் பார்த்து வேலியை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். போய்ச் சேரும்போது மகள் படுக்கப் போகும் நேரம்.

"என்னப்பா, தள்ளிக்கிட்டே வந்தீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவைதான் அவளைப் பார்க்க முடிகிறது. இனி அதுவும் முடியாது போலிருந்தது. திரும்பி வந்ததும் ட்யூபிடம் போய், இருப்பதிலேயே பெரியதைக் கேட்டார்.

"மட்கார்டுல உரசும்ணே."

"மட்கார்டை வெட்டிக்கிறேன்."

"நாலு வருஷமா தட்டித் தட்டி நிமித்துனீங்களே, அதையா?"

வெட்டினார். வேன் டயரில் ஊர் பாதித் தூரம் வந்தது. ஆசை விடவில்லை, மறுபடி வெட்டி ஜீப் டயரை மாட்டினார். மகள் ஊர் அவருடைய தெருமுனைக்கே வந்து, மருந்துக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவில் நின்றது. இடையிலிருந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் நெருக்கடியாக இருக்கிறது என்றார்கள், அவ்வளவுதான்.

அவர் தினமும் மூன்று வேளை மகள் வீட்டுக்குப் போனார். கதவைத் தட்டிக் காத்திருக்கும் பழக்கம் அவர் தொழிலில் இல்லை, திறந்துகொண்டு போய்விடுவார். மருமகன் துண்டோடு நிற்பார், இவர் கீலுக்கு எண்ணெய் விடுவார். அந்தப் பக்கமிருந்து சம்பந்தியம்மா தினமும் சாயங்காலம் கடிகாரக் கடைக்கு வந்து, எந்தக் கடிகாரமும் அடுத்த கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று குறை சொன்னார். மகள் போனில் பேசுவதை நிறுத்தினாள். பக்கத்தில் இருப்பவர்களுக்குப் போன் எதற்கு? பிறகு நேரிலும் பேச்சைக் குறைத்தாள். ஒரு நாள் பூட்டை மாற்றினாள்.

அவர் உள்ளே வந்து பாராட்டினார். "நல்ல பூட்டும்மா. ரெண்டு நிமிஷம் பிடிச்சுது."

மகள் வீட்டுச் செருப்போடு டயர்க் கடைக்கு நடந்தாள். பூட்டுக்காரர் பின்னாலேயே ஓடினார்.

"கம்பெனில இருந்து வரும்போது என்ன டயர் இருந்துச்சோ, அதைப் போடுங்க" என்றாள்.

ட்யூப் தலையைச் சொறிந்தார். "ஊரு பழைய இடத்துக்கே போயிரும்மா."

"போகட்டும்."

"ஏம்மா, கிட்ட இருந்தா தப்பா?" என்றார் பூட்டுக்காரர்.

"தப்பில்லப்பா. முன்னாடி நீங்க வர்றீங்கன்னா ரெண்டு நாளா வீட்டை ஒழுங்குபண்ணுவேன். இப்ப சாவி ஓட்டைல சத்தம் கேட்டா அவர் துண்டைத் தேடுறார். நீங்க வரணும். வந்துக்கிட்டே இருக்கக் கூடாது."

ட்யூப் ஒரு டயரை எடுத்து, தேவையே இல்லாமல் துடைத்தார்.

பூட்டுக்காரர் மட்கார்டுக்கு மறுபடி தகடு வைத்து ஒட்டினார். ஒட்டு தெரிந்தது. பழைய அளவில், ஒடிசலான டயர்கள் வந்தன. மாட்டிப் பார்த்தபோது கார் முதல்முறையாகக் காராக இருந்தது. அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மகளை ஏற்றிக்கொண்டு தெருமுனையைத் தாண்டினார். மருந்துக்கடை பின்னால் போனது. நசுங்கிக் கிடந்த ஊர்கள் ஒவ்வொன்றாகக் கைகால் நீட்டிக்கொண்டன. மகள் பாதி வழியில் தூங்கிப்போனாள். வீட்டு வாசலில், அவள் கையில் சாவி இருக்க, அவர் மணியை அடித்துவிட்டு நின்றார். மருமகன் சட்டை போட்டுக்கொண்டு வந்து திறந்தார்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை என்பது நாலானது, பேரன் பிறந்ததும் ஆறானது. டயர் ஓட ஓடத் தேயும், தேயத் தேயச் சுற்றளவு குறையும் என்பதை ஊரில் யாரும் யோசிக்கவில்லை. மகள் ஊர் சத்தமில்லாமல் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. பஸ்காரர்கள் உடனுக்குடன் டிக்கெட்டை ஏற்றினார்கள். பூட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். டயரைப் பற்றி இனி தானாக வாய் திறப்பதில்லை என்று இருந்தார்.

ஒரு மழைக்காலத்தில் மகளே போன் செய்தாள்.

"அப்பா, போன வாரம் நீங்க திரும்பிப் போறதுக்குள்ள இருட்டிருச்சாமே. டயர் தேஞ்சிருச்சா?"

"மொட்டையாயிருச்சும்மா."

"சொல்ல மாட்டீங்களா? மாத்துங்க."

"அதே சைஸ்தானே?"

பேரன் எதையோ தட்டினான். மகள் அதைப் பிடுங்கிவைத்துவிட்டு வந்தாள்.

"ஒரு சைஸ் பெருசு போட்டா உரசுமா?"

"திருப்பத்துல மட்டும். லேசா."

"லேசா உரசுனா பரவால்லப்பா."

அந்த வியாழக்கிழமை மகள் ஊர் கொஞ்சம் கிட்டே வந்தது. டிக்கெட் குறையவில்லை. வெங்காயம் மலிந்திருந்தது.