இளகிப்போன டப்பாக்கள்

டீ போட அடுப்படிக்குள் நுழைந்த மருமகளின் பாதம் நனைந்தது. குழாயை யாரோ மூடாமல் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். குழாய் மூடித்தான் இருந்தது. தண்ணீர் ஃப்ரீசரின் அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அதன் பிளக் தரையில் கிடந்தது. சுவரில் வேறொரு ஒயர் சொருகியிருந்தது. அது கதவைத் தாண்டி, கூடத்தில் மாமியாரைக் கிடத்தியிருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் போயிற்று. அந்தக் குளிர்பெட்டி இழுக்கிற கரன்ட்டைத் தாங்குகிற பெரிய பாயின்ட் வீட்டில் ஒன்றே ஒன்றுதான்.

"யாரு இதைப் புடுங்கினது?"

மாமனார் நிலைப்படியில் நின்றார். காலமெல்லாம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். "நான்தாம்மா. நேத்து பெட்டிக்காரர் பாயின்ட் எங்கன்னு கேட்டாரு. கை அது பாட்டுக்குப் புடுங்கி மாட்டிடுச்சு."

அவள் ஃப்ரீசர் மூடியைத் தூக்கினாள். டப்பாக்கள் வியர்த்திருந்தன. அழுத்தினால் விரல் உள்ளே போயிற்று.

தெரிந்தவர் வீட்டில் சாவு, பிரசவம், ஆபரேஷன் எதுவானாலும் மாமியாரின் சாப்பாடு அங்கே போய்விடும். தூக்கிப்போடுகிற டப்பாவில்தான் கொடுப்பாள். கஷ்டத்தில் இருப்பவர்கள் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கிற கவலையும் படக் கூடாதாம். இந்தத் தடவை டெய்லர் வீட்டுக்கு. டெய்லர் மனைவிக்கு நாளைக்கு ஆபரேஷன், வீட்டில் மூன்று பிள்ளைகள். "அவனுக்கு சட்டை தைக்கத் தெரியும், பேன்ட் தைக்கத் தெரியும், வெந்நி வைக்கத் தெரியாது" என்று சொல்லிச் சொல்லிச் சமைத்தாள். கடைசி டப்பாவை உள்ளே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான்.

மாமனாரின் தங்கை, சின்னத்தை, எட்டிப் பார்த்தாள். "இன்னைக்கே தின்னு தீர்த்தாகணும். வந்தவங்களுக்குப் போடு. எல்லா வீட்டு துக்கத்துக்கும் இவ கொண்டுபோனா. இவ துக்கத்துக்கு யாரு கொண்டுவருவா? அத்தனை பேரும் பூவைத் தூக்கிக்கிட்டு வந்திருக்காங்க."

மருமகள் எல்லாவற்றையும் சூடு பண்ணினாள். வந்தவர்கள் வரிசையாகச் சாப்பிட்டார்கள். "உப்பு, காரம் எல்லாம் கரெக்டா..." என்று ஆரம்பித்த ஒருவர் கூடத்துப் பக்கம் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மாமனார் ஒரு டப்பாவை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது ஒண்ணை மட்டும் திருப்பி உள்ள வெச்சிடலாமா?"

"இளகிடுச்சு மாமா. மறுபடி வெச்சா கெட்டுப்போகும்."

"தெரியும். அவளே சொல்லுவா."

பிறகு தரையில் உட்கார்ந்து, உள்ளே என்ன இருக்கிறதென்றுகூடப் பார்க்காமல், முழுவதையும் தின்று முடித்தார்.

சுடுகாட்டுக்குப் போகிற வண்டி வந்தபோது மருமகளிடம் டெய்லர் வந்தார். "அந்தச் சாப்பாட்டை எல்லாம் மனசுல வெச்சுக்காதீங்கம்மா. நாங்க எப்படியாவது சமாளிச்சுக்குவோம்."

"காலையில ஆஸ்பத்திரிக்குப் போறப்ப வந்து எடுத்துக்குங்க."

"இருக்காம்மா?"

"இருக்கு."

ஆண்கள் வண்டியோடு போனார்கள். கூடம் காலியாயிற்று. மருமகள் ஃப்ரீசரைத் துடைத்து, பிளக்கைச் சொருகினாள். அடுப்பில் பெரிய பாத்திரத்தை ஏற்றினாள்.

"இன்னைக்கேவா?" என்றாள் சின்னத்தை. "உனக்கு உப்பு பார்க்கக்கூட வராதே."

"நீங்க பார்த்துச் சொல்லுங்க."

"நல்லா ஆள் புடிச்சே." சின்னத்தை முந்தானையைச் சொருகிக்கொண்டு கத்தியை வாங்கினாள். "உருளைக்கிழங்கை எடுத்து அந்தாண்ட வை. ஃப்ரீசர்ல சவசவன்னு ஆயிடும். அண்ணி போடவே மாட்டா."

இருவருமாக நறுக்கினார்கள், கிளறினார்கள், பருப்பை இறக்கினார்கள், கோழியை ஏற்றினார்கள்.

மாமனார் திரும்பி வந்தபோது தலை ஈரமாக இருந்தது. மேஜை முழுக்க டப்பாக்கள் திறந்து கிடந்தன. நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார். மருமகள் ஒரு மூடியை எடுத்தாள்.

"ஆறட்டும்மா," என்றார். "சூட்டோட மூடினா உள்ள தண்ணி கோத்துக்கும்."

அவள் மூடியைக் கீழே வைத்தாள். சின்னத்தை பழைய பேப்பரை இரண்டாக மடித்து விசிற ஆரம்பித்தாள். ஆவி ஒரு பக்கம் சாய்ந்தது, மறுபடி நேராக எழுந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.