வெள்ளிக்கு ஒரு நிலா

டென்மார்க்கின் ஆல்போர்க் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த லாவ்ரிட்ஸ் புரோக், 1764 வசந்தத்தில் ஒரு நாள், பொழுது சாய்ந்ததும் மாடி ஜன்னலில் தொலைநோக்கியைப் பொருத்தி வெள்ளி கிரகத்தைப் பார்த்தார். பக்கத்தில் இன்னொன்று தெரிந்தது. மங்கல்தான், ஆனால் அச்சு அசல் வெள்ளியின் வடிவம், அளவில் மட்டும் சிறிது. வெள்ளிக்கு நிலா உண்டு என்று சில வானியலாளர்கள் வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். உறுதியாகக் காட்டத்தான் ஆளில்லை.

மறுநாள் பாதிரியார் பாகரை அழைத்துக் காட்டினார். பாகருக்கும் தெரிந்தது. அந்த ஞாயிறே பிரசங்கத்தில் அதைச் சொல்லிவிட்டார். அப்புறம் மீன் வாங்கப் போனால்கூட, "உங்க நிலா சௌக்கியமா?" என்று கேட்கும் நிலை. லாவ்ரிட்ஸுக்கு அது பிடித்திருந்தது.

"வானத்துல இருக்கறதெல்லாம் தெரியுது. அடுப்புக்கு விறகு இல்லாதது கண்ணுல படலையாக்கும்?" என்றாள் மனைவி அபெலோனே.

ஒரு மாலை நிலாவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது லாவ்ரிட்ஸுக்கு இருமல் வந்தது. தொலைநோக்கியை அவர் தொடவில்லை. வெள்ளி நின்ற இடத்தில் நின்றது, நிலா குதித்தது. தலையை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினார். நிலாவும் நகர்ந்தது. வலப்பக்கம் நகர்த்தினார். கூடவே வந்தது. வெள்ளியின் ஒளி அவர் கண்ணில் பட்டு, தொலைநோக்கியின் கண்ணாடி வில்லைக்குத் திரும்பி, அங்கிருந்து மறுபடி கண்ணுக்கே வந்துகொண்டிருந்தது. அது நிலா அல்ல, வெள்ளியின் பிம்பம்தான்.

காலையில் பாதிரியாரிடம் போய்ச் சொன்னார். அவர் முகம் சிவந்துவிட்டது.

"என்னய்யா பேசறீர்? நான் என் கண்ணால பார்த்தேன்!"

"நானும்தான், ஐயா. நாம ரெண்டு பேரும் பார்த்தது நம்ம கண்ணைத்தான்."

"கோபன்ஹேகன்ல இருக்கற பிஷப்பு வரைக்கும் சொல்லியாச்சு. பேசாம இரும். நீர் வாயைத் திறக்கலேன்னா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது, லாவ்ரிட்ஸ் தேவாலய வாசலில் நின்று நடந்ததைச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் மனைவி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"எங்க வீட்டு ஜன்னல்லேருந்து வெறுங்கண்ணுக்கே தெரியுது. உங்களுக்குத் தெரியலேன்னா போங்க."

பாகர் லாவ்ரிட்ஸோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். விறகை அபெலோனேயே வாங்கிப் போட்டாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை பாகர் தாமாகவே மாடிக்கு ஏறி வந்தார். வணக்கம்கூட இல்லை. தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். தலையை இப்படியும் அப்படியுமாக, யாரோ கூப்பிட்டுத் திரும்புவதுபோல, பலமுறை அசைத்துப் பார்த்தார். பிறகு அபெலோனே கொடுத்த பீரை நின்றபடியே குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிறு அவர் பிரசங்கம் பெருவெள்ளத்தில் மிதந்த நோவாவின் பேழையைப் பற்றியது. வானத்தைப் பற்றி அதில் மழை மட்டும்தான் வந்தது.